பழைய ஹார்ன் பெட்டிக்கு எந்த டிரைவர்? அறிகுறியைக் கேட்டுப் பிழை நீக்கும் வழிமுறை

மூடிப்போன திரையரங்கு ஒன்றிலிருந்து இரண்டு பெரிய ஹார்ன் பெட்டிகளை, அதாவது புனல் போல விரியும் ஒலிப்பாதை உள்ள ஸ்பீக்கர் பெட்டிகளை, நண்பர் ஒருவர் வாங்கி வந்தார். உள்ளே ஒலியை எழுப்பும் ஸ்பீக்கர்களை, அதாவது டிரைவர்களை, யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கடைக்காரர் துளையின் அளவைக் கேட்டார். 15 அங்குலம் என்றதும், 600 வாட்ஸ் தாங்கும் சப்வூஃபர் இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். திருகுத் துளை உட்பட எல்லாம் பொருந்தின. கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டோம். மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. வலந்தலையின் நாதம் இல்லை. பாடகர் அடுத்த அறையில் இருந்தார்.

அந்தப் பெட்டிகளைச் சரிசெய்ய எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. அப்போதும் அதன் பிறகும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹார்ன் பெட்டியில் பெட்டியே டிரைவரின் பாதி. மற்றப் பாதியை விட்டத்தையும் வாட்ஸையும் மட்டும் பார்த்து வாங்கினால், கீழே வரும் அறிகுறிகளில் ஒன்றாவது நிச்சயம் தலைகாட்டும்.

உதாரணத்துக்கு நான் அதிகம் எடுத்துக்கொள்வது ஆல்டெக் லான்சிங் நிறுவனத்தின் ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ வரிசையை. 1945-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்காக வந்த வரிசை அது. அதில் ஏ7, ஏ5 இரண்டுக்கும் அடிப்படை 825 என்ற பெட்டி. கோனுக்கு, அதாவது டிரைவரின் அசையும் கூம்புக்கு, முன்னால் குட்டையான மர ஹார்ன் இருக்கும். கோனின் பின்புறக் காற்று பெட்டியின் அடிப்பகுதித் திறப்பு வழியாக வெளியேறும். மேலே அலுமினிய ஹார்னும் அதன் பின்னால் மேல்சுரங்களுக்கான கம்ப்ரஷன் டிரைவரும் அமரும். இந்தக் கம்ப்ரஷன் டிரைவரை நம் ஒலியமைப்பாளர்கள் யூனிட் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

எல்லா ஹார்ன் பெட்டியும் 825 போன்றது அல்ல. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற ஊரில் பால் கிளிப்ஷ் 1946 முதல் செய்து விற்ற கிளிப்ஷ்ஹார்னில், கோனின் பின்புறம் அடைத்த அறை. அந்தக் கோனின் ஒலி முழுவதும் மடித்த ஹார்ன் வழியாகத்தான் வெளிவரும். ஜேபிஎல் 4530-இல் இது தலைகீழ்: கோனின் முகம் நேராக அறையைப் பார்க்கும், முதுகுப் பக்கம்தான் ஹார்ன். உங்களிடம் இருப்பது இந்த மூன்றில் எந்த வகை என்று உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்

இரண்டு பெட்டிகள் இருந்தால் உங்களிடம் ஒரு நல்ல சோதனைக் கருவி இருக்கிறது என்று பொருள். ஒரு பெட்டியில் குறை என்றால், இரண்டின் டிரைவர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். குறை டிரைவரோடு கூடவே போனால் டிரைவரில் பழுது. பெட்டியிலேயே நின்றால் பெட்டியிலோ, தாழ்ந்த சுரத்தையும் மேல்சுரத்தையும் பிரித்து அந்தந்த டிரைவருக்கு அனுப்பும் கிராஸ்ஓவரிலோ பழுது. இந்த அரைமணி நேர வேலையைச் செய்யாமல் டிரைவர் வாங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அடுத்தது மல்டிமீட்டர். 8 ஓம் என்று பெயர் பெற்ற டிரைவர் மீட்டரில் சுமார் 5 முதல் 7 ஓம் வரை காட்டும். 16 ஓம் டிரைவர் 10-க்கு மேல் காட்டும். பழைய திரையரங்கு டிரைவர்களில் 16 ஓம் மிகச் சாதாரணம். ஆல்டெக்கின் பிற்கால எண்களில் இது பெயரிலேயே இருக்கிறது: 416-8பி என்றால் 8 ஓம். 16 ஓமுக்குச் செய்த கிராஸ்ஓவரில் 8 ஓம் டிரைவரை மாட்டினால் பிரிப்பு அதிர்வெண் இடம்பெயர்ந்துவிடும். பிறகு எந்த டிரைவரை மாற்றினாலும் குறை தீராது.

“பேஸ் இடிக்கிறது, பேச்சு புரியவில்லை”

என் நண்பருக்கு நேர்ந்தது இதுதான். நான் அதிகம் பார்த்த பிழையும் இதுவே.

ஹார்ன் காற்றை இறுக்கிப் பிடித்துக் கோனின் மேல் சுமையாக வைக்கிறது. அந்தச் சுமையை வேகமாகத் தள்ள வலிமையான காந்தமும் எடை குறைந்த விறைப்பான கோனும் வேண்டும். கோன் நெடுந்தூரம் ஓட வேண்டிய தேவையே இல்லை. இன்றைய சப்வூஃபர் நேர்மாறான வேலைக்குப் பிறந்தது. சிறிய பெட்டியில் ஆழ்ந்த ஒலி எழுப்ப அதன் கோனை வேண்டுமென்றே கனமாக்கியிருப்பார்கள். நீண்ட தூரம் ஓடும்படி விளிம்பையும் தடித்த ரப்பரில் செய்திருப்பார்கள்.

கடைக்குப் போகும்போது கையில் வைத்திருக்க ஒரு கணக்கு உண்டு. டிரைவரின் தகவல் தாளில் ஒத்ததிர்வு அதிர்வெண்ணை, அதாவது கோன் தானாக அதிர விரும்பும் அதிர்வெண்ணை, பாருங்கள். கூடவே மின் கியூ என்ற எண்ணையும் பாருங்கள்; அது சிறிதாக இருந்தால் கோனின் மேல் காந்தத்தின் பிடி வலிது. தாளில் கியூ-இ-எஸ் என்று இருக்கும். ஒத்ததிர்வு அதிர்வெண்ணை இரண்டால் பெருக்கி, கியூ-இ-எஸ்ஸால் வகுத்தால் வரும் அதிர்வெண்ணுக்கு மேல், ஹார்னில் மாட்டிய கோனின் சொந்த எடையே ஒலியைக் குறைக்கத் தொடங்கும்; ஒரு ஸ்தாயிக்கு ஏறத்தாழ 6 டெசிபல். ஒத்ததிர்வு 30 ஹெர்ட்ஸ், கியூ 0.5 உள்ள சப்வூஃபருக்கு 120 ஹெர்ட்ஸ் வருகிறது. 500 ஹெர்ட்ஸ் அதற்கு இரண்டு ஸ்தாயி மேலே இருக்கிறது. ஆக, யூனிட்டிடம் ஒலியை ஒப்படைக்க வேண்டிய இடத்துக்கு வருவதற்குள் 12 டெசிபல் போய்விட்டது. மனிதக் குரலின் உடல் முழுவதும் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கிறது. அதே 30 ஹெர்ட்ஸில் கியூ 0.2 உள்ள டிரைவருக்கு இந்த எல்லை 300 ஹெர்ட்ஸ். 825-இன் ஹார்ன் குட்டை என்பதால் கணக்கு அங்கே அப்படியே துல்லியமாக நடக்காது. ஆனால் எதை வாங்கக்கூடாது என்று சொல்ல அது போதும்.

கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலின் இண்டக்டன்ஸையும், அதாவது மேல்சுர மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மையையும், பாருங்கள். 6 ஓம் காயிலில் 3 மில்லிஹென்றி இருந்தால் 320 ஹெர்ட்ஸ் அளவிலேயே மேல்சுரம் தேயத் தொடங்கும். 1 மில்லிஹென்றி என்றால் 950-ஐத் தாண்டும்.

இதற்குத் தீர்வாக ஈக்வலைசரில் நடுச்சுரத்தை ஏற்றுவார்கள். 12 டெசிபல் ஏற்றம் என்றால் அந்த இடத்தில் 16 மடங்கு மின்திறன். காயில் சூடாகும், குரலின் தெளிவு திரும்பாது. டிரைவரை மாற்றுவதுதான் வழி. 825-க்கு ஆல்டெக்கே ஏ7-இல் முதலில் 803 என்ற டிரைவரையும் பின்னர் 416-ஐயும், ஏ5-இல் 515-ஐயும் போட்டது. அவை கிடைக்காவிட்டால், ஜேபிஎல் 2220 போல ஹார்னுக்கென்றே செய்த 15 அங்குல டிரைவர்களைத் தேடுங்கள். புதிதாக வாங்குவதானால் காகிதக் கோன், துணி விளிம்பு, 97 டெசிபலுக்குக் குறையாத உணர்திறன், 0.3-க்குக் கீழே கியூ ஆகியவை இருக்க வேண்டும். வாட்ஸ் எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். இவ்வளவு உணர்திறன் உள்ள டிரைவரோடு வீட்டுக் கூடத்தில் 20 வாட்ஸுக்கு மேல் தேவைப்பட்டதே இல்லை எனக்கு.

“பேஸே இல்லை, தகர டப்பா போல இருக்கிறது”

இங்கே ஐந்து காரணங்கள் உண்டு. எளிதானதிலிருந்து போகலாம்.

ஒரு பெட்டியில் மட்டும் கம்பி மாறியிருக்கலாம். இடது கோன் முன்னே வரும்போது வலது கோன் பின்னே போனால் பேஸ் அறையின் நடுவில் அழிந்துவிடும். ஒரு பெட்டியின் இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது காற்றுக் கசிவு. பழைய ஒட்டுப்பலகை விரிந்து மூலைகளில் கீறல் விடும். டிரைவரின் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே கேஸ்கெட் இருக்காது. பின்பலகையின் விளிம்பில் ஊதுவத்திப் புகையைப் பிடித்து, தாழ்ந்த சுரம் ஒன்றை ஒலிக்கவிட்டால் கசியும் இடத்தில் புகை துடிக்கும். 825-இல் கீழே இருக்கும் திறப்பைக் கசிவு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். பேஸ் வருவதே அங்கிருந்துதான். அப்படி அடைத்த பெட்டி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கோனைச் சுற்றியுள்ள துணி விளிம்பு இறுகிப்போவது. அதில் பூசியிருக்கும் பசைப்பூச்சு வருடக்கணக்கில் காய்ந்து, துணி அட்டை போலாகிவிடும். ஒத்ததிர்வு ஏறி, அடிச்சுரம் போய்விடும். விரல்களைக் கோனில் சமமாக விரித்து மெல்ல அழுத்துங்கள். அசைய மறுத்தாலோ காய்ந்த இலை போலச் சலசலத்தாலோ இதுதான் காரணம்.

நான்காவது நுட்பமானது: டிரைவர் மிக நல்லதாக இருப்பது. 515-இன் காந்தம் 416-இன் காந்தத்தைவிட வலிமையானது. ஹார்னின் பகுதியில், அதாவது பேஸின் மேல்பாதியிலும் நடுச்சுரத்திலும், அது அற்புதமாக முன்னே வரும். ஆனால் 825-இன் ஹார்ன் தாழ்ந்த சுரங்களுக்குச் சுமை கொடுக்கும் அளவுக்கு நீளமானதல்ல. அங்கே பெட்டியும் அடித்திறப்பும்தான் வேலை செய்கின்றன. வலிமையான காந்தம் கோனை அங்கே அதிகமாக அடக்கிவிடும். வீட்டில் ஒரே ஒரு ஜோடிப் பெட்டி வைத்து இசை கேட்பவருக்கு நான் 416-ஐத்தான் சொல்வேன். தனியாக சப்வூஃபர் பெட்டி வைத்திருப்பவர் 515 தேடட்டும்.

ஐந்தாவது காரணம் நம் எதிர்பார்ப்பு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். அதைத் தாங்க ஹார்னின் வாய் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஏ7-இடம் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே எந்த டிரைவரைப் போட்டும் பெரிதாக எதையும் வாங்க முடியாது. கிளிப்ஷ்ஹார்ன் இந்தச் சிக்கலை அறையின் மூலையைக் கொண்டு தீர்த்தது. இரண்டு சுவரும் தரையும் ஹார்னின் கடைசிப் பகுதியாகிவிடுகின்றன. ஆகவே கிளிப்ஷ்ஹார்னில் பேஸ் இல்லை என்றால் அதன் பேஸ் டிரைவரான கே-33-ஐக் கழற்றாதீர்கள். மூலையில் ஜன்னல் இருக்கிறதா, கதவு இருக்கிறதா, பெட்டியின் ஓரம் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

“ஒரே ஒரு சுரத்தில் மட்டும் உறுமுகிறது”

பேஸ் கிட்டாரோ வீணையின் மந்தரமோ ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொடும்போது மட்டும் அறை அதிர்ந்தால், பெட்டியை முதலில் மூன்றடி நகர்த்திப் பாருங்கள். குறையின் தன்மை மாறினால் அது அறையின் வேலை.

மாறவில்லை என்றால் காந்தத்தைச் சந்தேகியுங்கள். 1970களின் இறுதியில் கோபால்ட் விலை ஏறியபின் நிறுவனங்கள் ஃபெரைட் காந்தத்துக்கு மாறின. அதற்கு முந்தைய டிரைவர்களில் இருப்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த அல்நிகோ. அதன் ஒலியை நான் நேசிக்கிறேன். ஆனால் காயிலில் பாயும் பெரிய மின்துடிப்பு அதன் வலிமையில் ஒரு பகுதியைத் தானாகத் திரும்பாதபடி பறித்துவிடும். காந்தம் தளர்ந்தால் கியூ ஏறும், கோனின் மேல் பிடி குறையும், ஒலியளவும் தாழும். ஜோடியில் ஒன்று மட்டும் இரண்டு டெசிபல் சோர்ந்து, கூடவே உறுமவும் செய்தால் அநேகமாக இதுதான். மறுபடி காந்தமேற்றினால் பழைய வலிமை திரும்பிவிடும். டிரைவரைத் தூக்கி எறிய வேண்டாம். ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: அல்நிகோ காந்தத்தின் இரும்புத் தகடுகளைக் கழற்றிப் பிரிப்பது. பிரித்த நொடியிலேயே வலிமை போய்விடும், திரும்பப் பூட்டினாலும் வராது.

ரீகோன் செய்த, அதாவது கோனை மாற்றி ஒட்டிய, டிரைவரிலும் இதே உறுமல் வரலாம். கிடைத்த கோனை ஒட்டிவிடுவார்கள். அது அசலைவிடக் கனமாக இருக்கும். வெளியே ஆல்டெக் முத்திரை, உள்ளே வேறொரு டிரைவர். பழைய டிரைவர் வாங்கும்போது நான் முதலில் கேட்பது, கோன் அசலா, இல்லையென்றால் எந்த எண்ணுக்கான கோன் என்பதையே.

“பாடகர் பின்வாங்கி நிற்கிறார்”

பேஸ் நன்றாக இருக்கிறது, ஜால்ரா தெளிவாக இருக்கிறது, நடுவில் மட்டும் வெற்றிடம். நாதஸ்வரம் கீழிருந்து மேலே போகும்போது ஓரிடத்தில் மெலிந்து மறுபடி எழும். கீழ் டிரைவரும் யூனிட்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று அழிக்கின்றன. ஏ7-இல் அந்த இடம், மேலே இருப்பது 511பி ஹார்ன் என்றால் 500 ஹெர்ட்ஸ். 811பி என்றால் 800.

டிரைவர் மாற்றியபின் இந்தக் குறை புதிதாக வந்ததென்றால் ஒரு வரலாற்றுச் செய்தி உதவும். ஜேபிஎல் நிறுவனம் பல பத்தாண்டுகள், சிவப்பு முனையில் நேர் மின்னழுத்தம் கொடுத்தால் கோன் உள்ளே போகும்படி டிரைவர்களைச் செய்தது. மற்றவர்கள் பெரும்பாலும் வெளியே வரும்படி செய்தார்கள். ஆல்டெக் பெட்டியில் பழைய ஜேபிஎல் டிரைவரை நிறம் பார்த்து இணைத்தால் தலைகீழாகத்தான் இருக்கும். 1.5 வோல்ட் பேட்டரியைக் கீழ் டிரைவரில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்கே தெரியும். யூனிட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.

முனை சரியாக இருந்தும் குறை தீராவிட்டால் தூரம் காரணம். 500 ஹெர்ட்ஸின் அரை அலைநீளம் சுமார் 34 செ.மீ. யூனிட்டுக்குள் அதிரும் மெல்லிய தகடான டயாபிரமும் கீழ்க் கோனும் உங்கள் காதிலிருந்து அவ்வளவு முன்பின்னாக இருந்தால், முனை சரியாக இருந்தாலும் ஒலி எதிரும் புதிருமாகவே வந்து சேரும். நீளம் வேறான ஹார்னையோ யூனிட்டையோ மாற்றிப் போட்ட பெட்டிகளில் இது சர்வசாதாரணம்.

நான் செய்யும் முறை இது. கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி போதும். பிரிப்பு அதிர்வெண்ணில் ஒற்றைச் சுரத்தைச் சிறிய ஒலியில் விட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் கைப்பேசியை அசையாமல் வையுங்கள். யூனிட்டின் கம்பிகளை இரண்டு விதமாகவும் இணைத்துப் பார்த்து, ஒலி குறைவாக வரும் இணைப்பிலேயே விட்டுவிடுங்கள். இப்போது மேல் ஹார்னைப் பெட்டியின் மேல் இரண்டிரண்டு செ.மீ. முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஒலி சட்டென்று பாதாளத்துக்குப் போகும். அங்கே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, கம்பிகளை மறுபடி மாற்றுங்கள். இரண்டும் முழுமையாகக் கூடும் இடம் அதுதான். உச்சத்தைத் தேடுவதைவிடப் பள்ளத்தைத் தேடுவது எளிது, காது ஏமாறாது. பழைய கிராஸ்ஓவர்கள் பெரும்பாலும் ஸ்தாயிக்கு 12 டெசிபல் சரிவுள்ளவை. அவற்றில் யூனிட் தலைகீழ் முனையில் நிற்பது பிழையாக இல்லாமலும் இருக்கலாம். ஆகவே நிறத்தை மறந்துவிட்டு இந்தச் சோதனை சொல்வதை நம்புங்கள்.

முதன்முறை அந்தக் கோட்டைப் போட்டு முடித்து, கம்பியை மாற்றி, அதே கச்சேரியைப் போட்டபோது பாடகர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். நண்பர் வெகுநேரம் பேசவில்லை.

“யூனிட் கரகரக்கிறது”

ஆண்குரலில் மட்டும் கரகரத்தால், யூனிட்டுக்குத் தாங்க முடியாத தாழ்ந்த சுரம் போகிறது. ஹார்ன் தன் எல்லைக்குக் கீழே காற்றைப் பிடிப்பதை விட்டுவிடும். அதே ஒலியளவுக்கு ஒரு ஸ்தாயி இறங்கும்போது டயாபிரம் நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டியிருக்கும். அதன் எதிரே மயிரிழை தூரத்தில் உலோகப் பிளக் இருக்கிறது. 811பி ஹார்னை 500 ஹெர்ட்ஸில் பிரிக்காதீர்கள்; பேஸ் டிரைவர் 800 வரை ஏறாவிட்டால் 511பி-க்கு மாறுங்கள்.

எல்லாச் சுரத்திலும் கரகரத்தால் டயாபிரத்தின் மையம் விலகியிருக்கும், அல்லது காயில் ஓடும் இடைவெளியில் இரும்புத்தூள் இருக்கும். தூளை ஒட்டும் டேப்பை மடித்து ஒற்றி எடுக்கலாம். இரும்புத் திருப்புளியை அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், காந்தம் பிடுங்கிக்கொள்ளும்.

கிராஸ்ஓவரை நீக்கி, தனி ஆம்ப்ளிஃபயரில் நேராக யூனிட்டை ஓட்டுபவர்கள் ஒரு கண்டென்சரைத் தொடரில் கட்டாயம் வையுங்கள். 8 ஓம் யூனிட்டுக்கு 100 மைக்ரோஃபாரட் என்றால் எல்லை 200 ஹெர்ட்ஸில் விழும். ஒலியைப் பெரிதாகத் தொடாது, சுவிட்ச் போடும்போது வரும் இடியைத் தடுக்கும்.

“காதைக் குத்துகிறது”

பெரும்பாலும் அளவுதான். யூனிட் கீழ் டிரைவரைவிடப் பல டெசிபல் உரக்க ஒலிக்கக்கூடியது. உணர்திறன் குறைந்த டிரைவரைக் கீழே மாட்டினால் வித்தியாசம் இன்னும் பெருகும். கிராஸ்ஓவரில் யூனிட்டின் ஒலியளவைக் குறைக்கும் அட்டனுவேட்டரைப் பாட்டுப் பாட்டாகக் கேட்டுக் குறையுங்கள். பிறகும் குத்தினால் ஹார்னை விரல் முட்டியால் தட்டுங்கள். 511பி வார்ப்பு அலுமினியம். கோயில் மணி போல ஒலிக்கும். கார்க் கதவுக்குள் ஒட்டும் பிட்டுமென் தகட்டை வெளிப்புறத்தில் ஒட்டினால் அந்த ஒலி அடங்கிவிடும்.

ஹார்னும் யூனிட்டும் சேரும் தொண்டையின் அளவு பொருந்தாவிட்டாலும் இந்தக் குத்தல் வரும். ஆல்டெக்கின் 802 யூனிட்டின் வாய் 1 அங்குலம், 288-க்கு 1.4, ஜேபிஎல் 2440-க்கு 2. இடையில் அடாப்டர் போட்டு மாட்டிவிடலாம் என்பார்கள். ஒலி வெளிவரும் பாதையில் திடீர்ப் படிக்கட்டு இருந்தால் அது திரும்பி எதிரொலிக்கும். ஹார்னுக்கு ஏற்ற யூனிட்டையே தேடுங்கள்.

“ஜால்ரா மங்கிவிட்டது”

முதலில் கிராஸ்ஓவரின் பழைய கண்டென்சர்களை மாற்றுங்கள். அடுத்து, யூனிட்டில் அசல் டயாபிரம்தானா என்று பாருங்கள். சந்தையில் கிடைக்கும் மாற்று டயாபிரங்கள் எல்லாம் அசலின் எடையில் இருப்பதில்லை. 288 போல டயாபிரம் பெரிதான யூனிட்டில் உச்சச் சுரம் இயல்பாகவே சற்றுக் குறைவு. அங்கே தனி ட்வீட்டர் சேர்ப்பதுதான் நேர்மையான தீர்வு.

“கோன் கழுத்தில் கிழிந்துவிட்டது”

ஹார்னின் தொண்டை குறுகலாக இருக்கும் பெட்டிகளில், மெல்லிய கோனுள்ள வீட்டு வூஃபரை மாட்டினால் அழுத்தம் தாங்காமல் காயில் சேரும் இடத்தில் மடிந்து கிழியும். ஒட்டினாலும் நிற்காது. விறைப்பான கோனுள்ள டிரைவரைப் போடுங்கள்.

கிழிந்தது அசல் டிரைவர் என்றால் சட்டத்தையும் காந்தத்தையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காந்த இடைவெளியின் மேல் டேப் ஒட்டி, துணியில் சுற்றி, இரும்புத்தூள் இல்லாத அலமாரியில் வையுங்கள். சரியான எடையுள்ள கோன் கிடைக்கும் நாளில் அதுவே மறுபடி அந்தப் பெட்டிக்குப் போகலாம். நண்பரின் பெட்டிகளில் இப்போது ஓடும் இரண்டில் ஒன்று, அப்படிக் காத்திருந்து ரீகோன் ஆன 416.